இல்லாத ஆணி

நாடாபோல் நீண்ட, அறுந்துபோன ரம்ப பிளேடை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஆவுடையப்பன் அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, இதை ஒட்டவெச்சு சாணை பிடிக்கவா, இல்ல புதுசு மாத்தவா?"

அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எதனால அறுந்துச்சு, அண்ணாச்சி?"

"ஆணிம்மா. தடிக்குள்ள ஆணி இருந்திருக்கு."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். பிளேடின் பற்களின் மேல் விரலை மெல்ல ஓட்டினார்.

"பல்லு ஒண்ணும் மழுங்கலியே. நல்ல கூரா இருக்கே."

"நேத்துதான் சாணை பிடிச்சேன்."

"ம். ஆணி எங்க?"

ஆவுடையப்பன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். மடத்துக்கு வயல் கிடையாது, உண்டியல் கிடையாது. மரம் அறுக்கும் மில் ஒன்று இருந்தது. அதில் வருவதைக் கொண்டு எல்லோரும் சாப்பிட்டார்கள். தியானம் என்று தனியாக எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. வெட்டிய அடிமரத் தடிகளை மெஷினில் ஏற்றுவதும் பலகை அடுக்குவதும்தான் பாடம்.

அம்மாவின் பெயர் செண்பகவடிவு. அவர்தான் குரு. ஆவுடையப்பனைவிட வயதில் இளையவர் என்பதால் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். ஆவுடையப்பன் அவரை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

மற்ற மில்கள் ஏற்காத மரங்கள் அங்கே வரும். அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் இருந்தது. பேய் பிடித்தவள் என்று சொல்லி ஒரு பெண்ணை ஊர் எல்லைப் புளியமரத்தடிக்குக் கொண்டுவருவார்கள். அவள் உச்சிமுடியில் ஒரு கொத்தை ஆணியில் சுற்றி மரத்தில் அடிப்பார்கள். பிறகு முடியை அறுத்துவிட்டு அவளைக் கூட்டிப் போய்விடுவார்கள். ஆணி மரத்தில் நிற்கும். மரம் பருக்கப் பருக்க ஆணியைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அப்படிப்பட்ட மரம் காற்றில் சாய்ந்தால் எந்த மில்காரரும் தொடமாட்டார். பாதி பேய்க்குப் பயந்து, பாதி பிளேடுக்குப் பயந்து.

மடத்தில் அந்தத் தடிகளைத் தடவிப் பார்ப்பது கொம்பையாவின் வேலை. பட்டை உரித்த தடியின் மேல் இடது உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பதுபோல மெதுவாக நகர்த்துவார். எங்காவது கை நிற்கும். அங்கே உளி வைத்தால் ஆணி இருக்கும். குறடால் பிடுங்கி அம்மாவிடம் கொடுப்பார். அம்மா அதற்கு நல்லெண்ணெய் தடவி, "போயிட்டு வா, தாயி" என்று சொல்லி, மகிழ மரத்தடியில் இருக்கும் பானைக்குள் போடுவார். அந்தப் பானையில் யாரும் கை வைப்பதில்லை.

பிளேடுகள் ஆவுடையப்பனின் பொறுப்பு. எதைச் சாணை பிடிப்பது, எதைக் கழித்துப் போடுவது என்று அவர் சொன்னால் அதுதான் முடிவு. மடத்துக்கு வருவதற்கு முன்னால் பெரிய டிப்போ ஒன்றில் அதே வேலை பார்த்தவர். பலகை எடுக்க வருகிறவர்களிடம் ஏதாவது ஒரு சாக்கில் சொல்லிவிடுவார்: "என் கையில ஒரு பிளேடு வெடிச்சதில்ல, கேட்டேளா?"

அன்றைக்கு முந்திய நாள், பலகை ஏற்ற வந்த டெம்போ வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவசரத்தில் ஆவுடையப்பன் சாணைக்கல்லைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு குழியில் இரும்பு நீலம் பாய்ந்தது. சூடேறிய இரும்பு வெடிக்கும் என்று அவருக்குத் தெரியும். வெடிப்பைக் கண்டுபிடிக்கும் வழியும் தெரியும். பிளேடில் சீமெண்ணெய் தடவி, மேலாக ஒற்றி எடுத்துவிட்டு, கரும்பலகையில் எழுதும் சாக்குக் கட்டியைத் தேய்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குள் இறங்கிய எண்ணெய் வெள்ளையின் மேல் கசிந்து கோடு காட்டும்.

அவர் தேய்த்தார். காத்திருந்தார்.

கோடு வந்தது. கண்ணிமை மயிர் அளவுதான். ஆனால் கோடு.

ஆவுடையப்பன் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சாக்குத் தூளைத் துடைத்தார். பிளேடை மெஷினில் மாட்டினார்.

புளியந்தடி பாதி போவதற்குள் பிளேடு அறுந்தது. அறுந்த நுனி வீசி வந்து, எதிர்ப்பக்கம் பலகையைத் தாங்கிக்கொண்டிருந்த கொம்பையாவின் இடது உள்ளங்கையைக் கிழித்தது.

"ஆணி! உள்ள ஆணி இருக்கு!" என்று கத்தினார் ஆவுடையப்பன்.

கொம்பையாவின் கையைப் பார்ப்பதற்கு முன்பே அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கட்டோடு திரும்பிய கொம்பையா, நேராக அம்மாவிடம் போனார்.

"இந்தக் கை பொய்யாப் போச்சும்மா. இருந்த ஆணியத் தெரியல இதுக்கு. இனி இதை நம்பி யாரு தடி ஏத்துவா? நாளைக்கு வேற ஒருத்தன் தலை போகும். நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருதேன்."

"சரி, பாப்போம்" என்றார் அம்மா.

அது நேற்று சாயங்காலம். இன்று காலையில் கொம்பையாவின் பை கட்டி முடித்துச் சுவரோரம் இருந்தது.

"ஆணி எங்க, அண்ணாச்சி?" என்று அம்மா மறுபடியும் கேட்டார்.

"தடிக்குள்ளதான்."

"எடுத்துட்டு வாங்க. ஆணியப் பாத்துட்டுப் பிளேடைப் பத்திப் பேசுவோம். கொம்பையா அண்ணாச்சி போறதையும் அப்பமே பேசுவோம்."

அம்மா மறுபடியும் முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் தடியை மில்லுக்கு வெளியே உருட்டிப் போட்டார். வாச்சியால் கொத்தத் தொடங்கினார். இல்லாத ஒன்றைத் தேடுகிறவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்ற குழப்பம் இல்லை. எங்கிருந்தும் தொடங்கலாம்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நிழல் விழுந்தது.

"என்னவே, கறிக்கு வெங்காயம் அரியுத மாதிரி அரியுதீரு?" கொம்பையா குந்தி உட்கார்ந்தார். "சிலாம்பைத் தள்ளும். வெட்டின இடத்தைப் பாக்கணும்லா."

"நீரு ஏன் வந்தீரு? போய்ப் படும்."

"என் ஆணி. நான் தேடாம யாரு தேடுவா?"

கொம்பையா கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால், கொத்தி விழுந்த சிலாம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"கறுப்புத் தெரியுதான்னு பாரும். புளியமரத்துக்குள்ள இரும்பு கிடந்தா, சுத்திலும் மை கொட்டின மாதிரி கறுத்துப் போயிரும். மரம் காட்டிக் குடுத்திரும்."

"தெரியும்."

"உமக்குத் தெரியாததா? எனக்கு நானே சொல்லிக்கிடுதேன்."

மரம் உள்ளே மஞ்சள் வெளுப்பாக இருந்தது. எங்கேயும் கறுப்பு இல்லை.

பலகை ஏற்ற வந்த டெம்போக்கார ஞானதுரை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, புதையலா?"

"ஆணி" என்றார் கொம்பையா.

"ஒரு ஆணிக்கா இம்புட்டுக் கொத்து? கடையில கேட்டா காகிதத்துல பொதிஞ்சு தருவானே!" சிரித்துவிட்டு ஆவுடையப்பனைப் பார்த்தார். "ஆனாலும் அண்ணாச்சி கையில பிளேடு வெடிக்கணும்னா அது சாதாரண ஆணியா இருக்காது. நல்ல பெரிய பேயா இருக்கும்."

"பேய் இல்ல. என் கவனக்குறைவு" என்றார் கொம்பையா.

ஆவுடையப்பன் வாச்சியை ஓங்கி இறக்கினார். அது குறி தவறி மண்ணில் பாய்ந்தது.

"பாத்து" என்றார் கொம்பையா. "ஒரு கை போனது போதும்."

மத்தியானம் சாப்பிடும்போது கொம்பையாவுக்குச் சோறு பிசைய முடிந்தது. வாழையிலையை நகராமல் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. இலை காற்றுக்கு எழும்பியது. ஆவுடையப்பன் கையை நீட்டி இலையின் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவருடைய சோறு ஆறியது.

"நீரு சாப்பிடும்வே."

"பசியில்ல."

"என்னைப் பத்தி யோசிக்காதேயும். எல்லார் கையும் ஒரு நாள் பிசகும். உம்ம கை பிசகாததுக்கு நீரு குடுத்துவெச்சவரு."

ஆவுடையப்பன் இலையை விட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் கட்டு மாற்றக் கொம்பையா ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மா ஓடைப்பக்கம் போயிருந்தார். தடியில் கால் பங்குதான் மிச்சம். அது தீர்ந்துவிட்டால் ஆணி இல்லை என்று ஆகிவிடும். ஆணி இல்லையென்றால் பிளேடு ஏன் அறுந்தது என்ற கேள்வி வரும்.

ஆவுடையப்பன் மகிழ மரத்தடிக்குப் போனார். பானைக்குள் கையை விட்டார். மேலாகக் கிடந்த ஒன்று கையில் வந்தது. பழைய பட்டறை ஆணி. அதன் கழுத்தில் ஒரு சுற்று முடி இன்னும் இருந்தது. அவர் அதைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார். முடி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துண்டால் துடைத்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்தார்.

பிறகு மீதித் தடியில் ஆழமாக ஒரு குழி கொத்தி, அதன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்.

அம்மா வந்தார். அவர் பின்னாலேயே கொம்பையாவும் வந்தார்.

"கெடைச்சிட்டும்மா."

ஆவுடையப்பன் உள்ளங்கையை நீட்டினார். கை நடுங்கியது.

அம்மா ஆணியை எடுத்தார். விரல்களுக்கு நடுவே திருப்பிப் பார்த்தார். முடிச்சுற்றின் மேல் அவருடைய பெருவிரல் நின்றது. எடுத்தபோது விரல் நுனி எண்ணெயில் மினுங்கியது. அதை ஆவுடையப்பன் பார்த்தார். அவர் பார்த்ததை அம்மாவும் பார்த்தார்.

"எந்த இடத்துல இருந்துச்சு?"

"இந்தா, இந்தக் குழியில."

கொம்பையா குனிந்தார். குழிக்குள் பார்த்தார். மரம் மஞ்சள் வெளுப்பாக இருந்தது. நல்ல விரல்களை உள்ளே விட்டுத் தடவினார். தலையைத் தூக்கி ஆவுடையப்பனைப் பார்த்தார். நடுங்கிய கையைப் பார்த்தார். பிறகு மறுபடியும் குழியைப் பார்த்தார்.

"என்ன கொம்பையா அண்ணாச்சி," என்றார் அம்மா, "இதுதானா?"

"ஆமாம்மா."

"கறுப்பு?"

"இருக்கும்மா. லேசா." கொம்பையா எழுந்தார். "நான்தான் விட்டுட்டேன். பேசினபடி கிளம்புதேன்."

அம்மா ஆணியோடு மகிழ மரத்தடிக்கு நடந்தார். "போயிட்டு வா, தாயி" என்ற குரல் கேட்டது. ஆணி பானைக்குள் விழும் சத்தமும் கேட்டது.

கொம்பையா பையைத் தோளில் மாட்டினார். ஒற்றைக் கையால் மாட்ட வரவில்லை. ஆவுடையப்பன் போய்ப் பட்டையைத் தூக்கிவிட்டார். அப்படியே அவரோடு வாசல்வரை நடந்தார்.

"கறுப்பு இல்லியே," என்றார் தாழ்ந்த குரலில்.

"இல்ல."

"பிறகு ஏன் இருக்குன்னீரு?"

"உம்ம கை அந்த ஆட்டம் ஆடிச்சே, பாக்கச் சகிக்கல." கொம்பையா நடையை நிறுத்தவில்லை. "எனக்குத் தங்கச்சி வீடு இருக்குவே. ஒரு வாய் கஞ்சி ஊத்துவா. இந்த வாசலை விட்டா உமக்குப் போக்கிடம் எங்க இருக்கு?"

வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கினார். பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றார்.

ஆவுடையப்பன் வாசலில் நின்றார். பிறகு ரோட்டில் இறங்கி, கொம்பையாவின் தோளிலிருந்து பையை உருவினார். கொம்பையா பிடித்து இழுத்தார்.

"என்னவே இது, கூத்து?"

"விடும். நீரு போகக் கூடாது. வாரும்."

"பஸ் வருது."

"வரட்டும்."

பையை ஒரு கையிலும் கொம்பையாவின் முழங்கையை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் அம்மாவின் முன்னால் வந்து நின்றார். அம்மா மகிழ மரத்தடியிலேயே இருந்தார்.

"ஆணி இல்லம்மா."

அம்மா திரும்பிப் பார்த்தார்.

"தடியில ஆணியே இல்ல. பானையிலேருந்து எடுத்தேன். சாணை பிடிக்கையில அழுத்திட்டேன். நீலம் பாஞ்சுட்டு. சாக்குக் கட்டி தேய்ச்சுப் பாத்தேன். கோடு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது."

"என்ன செஞ்சீய?"

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். அதன் ஓரத்தில் சாக்குத் தூளின் வெள்ளை இன்னும் இருந்தது. அதன் மேலேயே ஆணியின் எண்ணெயும் படிந்திருந்தது.

"துடைச்சிட்டேன்."

பஸ் வாசலில் நின்று, ஹாரன் அடித்து, யாரும் ஏறாததால் போய்விட்டது.

கொம்பையா தன் கட்டுப் போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"அப்ப என் கை பொய் சொல்லல," என்றார்.

"இல்ல," என்றார் ஆவுடையப்பன்.

"படுபாவி மனுசா! நேத்து பூரா சிலாம்பு பொறுக்க விட்டீரே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உச்சிவேளைக்குத் தூங்கியிருப்பேன்லா."

சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி," என்றார் அம்மா, "பிளேடைக் கொண்டாங்க. சீமெண்ணெயும் சாக்குக் கட்டியும் எடுத்துட்டு வாங்க."

ஆவுடையப்பன் கொண்டுவந்தார். அறுந்த பிளேடைத் தரையில் நீளமாக விரித்தார். எண்ணெய் தடவினார். ஒற்றி எடுத்தார். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை சாக்குக் கட்டியைத் தேய்த்தார். மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்தார்கள்.

வெள்ளையின் மேல் மெதுவாக ஒரு கோடு எழுந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால், ஆவுடையப்பன் நினைத்துக்கூடப் பார்க்காத இடத்தில், இன்னும் ஒன்று. அது முந்தாநாள் வந்ததல்ல. பழையது. அழுக்கேறிக் கிடந்தது.

"என் கையில வெடிச்சதில்லன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கேன்," என்றார்.

"ஆமா," என்றார் கொம்பையா. "ஊர் பூரா."

"இதைச் சாணை பிடிக்கலாமா, மாத்தணுமா?" என்று அம்மா கேட்டார்.

"மாத்தணும்மா. இது இனி எதுக்கும் ஆகாது."

"சரி. மாத்திருங்க."

அம்மா எழுந்திருப்பார் என்று அவர் நினைத்தார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"என்னைய, அம்மா?" என்றார் ஆவுடையப்பன். "வெச்சுக்கிடுவீயளா, மாத்திருவீயளா?"

அவர் நிமிர்ந்து பார்க்க முயன்றார், முடியவில்லை. கொம்பையாவின் கட்டுப் போட்ட கை எதிரே தெரிந்தது. கண்ணீர் இறங்கி, கன்னத்தில் ஒட்டியிருந்த சாக்குத் தூளில் கோடு போட்டது. அதை அவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டை எடுத்து முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தது.

"துடைக்காதீங்க, அண்ணாச்சி" என்றார் அம்மா.